பிஆர்எஸ்ஆர் அறிக்கை: எண்கள் எங்கே கிடைக்கும், எங்கே பிசகும்

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியல் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி நிறுவனம் தரும் வருடாந்திர அறிக்கை) பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியது. சஸ்டெய்னபிலிட்டி தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்பவரின் முதல் வருடம் பெரும்பாலும் இதிலேயே ஓடிவிடும். கொள்கைப் பகுதியை எழுதிவிடலாம். எண்கள்தான் பாடாய்ப் படுத்தும். அவை நம்மிடம் இல்லை. மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ், ஹெச்ஆர் கையில் இருக்கின்றன.

டீசலுக்கு பில்களை மட்டும் கூட்டினால் போதாது. ஏப்ரல் 1 அன்று டேங்கில் இருந்தது, அதோடு வாங்கியது, அதில் மார்ச் 31 இருப்பைக் கழித்தால் வருவதுதான் எரித்த அளவு. எரித்தால் லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். 10,000 லிட்டருக்கு 26.8 டன். ஜெனரேட்டர் லாக் புத்தகத்தோடு இது ஒத்துப்போகாவிட்டால் ஃபோர்க்லிஃப்டை விசாரியுங்கள். அதே டேங்கிலிருந்து பிடித்திருப்பார்கள்.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியை எடுக்க வேண்டும். 2023-24க்கு அது மெகாவாட்-மணிக்கு 0.727 டன் கார்பன் டை ஆக்சைடு. பழைய எக்செல்களில் 0.82 இன்னும் குந்தியிருக்கும். யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு ஆலை என்றால் ஹெச்டி (உயர் அழுத்த மின்இணைப்பு) பில்லில் காற்றாலை யூனிட்டுகள் கழிக்கப்பட்டிருக்கும். அதைப் பசுமை மின்சாரம் என்று எழுதுமுன், அந்தக் காற்றாலைக்கான ஆர்இசி (புதுப்பிக்கத்தக்க மின்சாரச்) சான்றிதழ் வேறு யாருக்காவது விற்கப்பட்டதா என்று கேளுங்கள். விற்றிருந்தால் அந்தப் பெருமை வாங்கியவருக்குத்தான்.

அதிகம் தவறவிடுவது ஏசி கேஸ். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 4-வது அறிக்கைப்படி 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், 5-வதின்படி 1,924. எதை எடுத்தாலும் அறிக்கை முழுக்க அதையே வையுங்கள். 4-வது அறிக்கைக் கணக்கில் பத்து கிலோ டாப்-அப் ஏறக்குறைய 7,800 லிட்டர் டீசலுக்குச் சமம். ஆனால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தக்காரரின் சர்வீஸ் சீட்டில் 'கேஸ் சார்ஜிங் முடிந்தது' என்று மட்டும் இருக்கும், எடை இருக்காது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே சிலிண்டரின் எடையை முன்னும் பின்னும் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேலைக்கு வர முடியாமல் செய்யும் காயங்களின் விகிதம் பத்து லட்சம் மனித மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆள் எண்ணிக்கைதான் வரும். அதை 26 நாள், 8 மணி நேரம் என்று பெருக்கினால் ஓவர்டைம் விட்டுப்போய், விகிதம் உண்மையைவிட மோசமாகத் தெரியும். மஸ்டர் ரோலையே (வருகைப் பதிவேடு) கேட்டு வாங்குங்கள்.

2023-இல் வந்த பிஆர்எஸ்ஆர் கோர் என்ற உட்பகுதி, குறிப்பிட்ட எண்களுக்கு வெளியார் சரிபார்ப்பைக் கேட்கிறது. முதலில் 150 நிறுவனங்கள், பிறகு படிப்படியாக மற்றவை. சரிபார்க்க வருபவர் ஏதாவது ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு பில், மீட்டர் அளவு, கையொப்பம் மூன்றும் கேட்பார். அதனால் டேங்க், மீட்டர் அளவுகளை ஏப்ரல் 1 காலையிலேயே தேதியுடன் போட்டோ எடுக்க ஆள் போட்டுவிடுங்கள். மே மாதம் கேட்டால் கிடைக்காது.