ஏஜென்ட் ஃபோல்டரின் அனுமதியைப் பாருங்கள்

காரைக்குடியில் கல்லூரி லேப், நகைக்கடை என்று பல இடங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் இதை எழுதியே ஆக வேண்டும். எல்லா மெஷினையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க ஒவ்வொன்றிலும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைப் போடுகிறோம், விண்டோஸில் அது பெரும்பாலும் சிஸ்டம் உரிமையோடு, அதாவது மெஷினில் எதையும் மாற்றக்கூடிய அதிகாரத்தோடு ஓடும். சரி, தன் ஃபைல்களை எங்கே வைக்கிறது? பல மென்பொருள்கள் புரோகிராம்டேட்டா என்ற பொது ஃபோல்டருக்குள் வைக்கின்றன, அங்கே சாதாரண யூசரும் ஃபைல் உருவாக்கலாம் என்பதுதான் விண்டோஸின் இயல்பான அமைப்பு. நிறுவும்போது ஃபோல்டரின் அனுமதியை இறுக்காமல் விட்டால், பில் போடுகிற கணக்கில் நுழைந்த ஒருவன் அங்கே ஒரு டிஎல்எல்லை (மென்பொருள்கள் ஏற்றி ஓட்டும் கோட் ஃபைல்) வைத்துவிடலாம். ஏஜென்ட் அதை ஏற்றினால் அவனுடைய கோட் சிஸ்டம் உரிமையில் ஓடும். முகப்பு வரை விட்ட ஆளிடம் வளவு அறைகளின் சாவிக்கொத்தே போய்விட்ட மாதிரி.

“உள்ளே வந்தவன்தானே செய்ய முடியும்” என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. போலி மெயிலில் ஒருவர் கிளிக் செய்தாலே உள்ளே வந்தாயிற்று, ஆன்டிவைரஸை நிறுத்த அடுத்து அவனுக்குத் தேவை இந்த உரிமைதான். லினக்ஸும் விலக்கில்லை: சாதாரண யூசரையும் முழு நிர்வாகி ஆக்கிவிடும் ஓட்டை ஒன்று அதன் பிகேஎக்செக் என்ற புரோகிராமில் 2022 ஜனவரியில் வெளியே தெரிந்தது, அது 2009 முதலே இருந்தது.

அப்புறம், ஃபோல்டரின் அனுமதிகளைக் காட்டும் விண்டோஸின் ஐகேக்கிள்ஸ் (icacls) கட்டளையால் ஏஜென்ட் ஃபோல்டரைப் பாருங்கள், யூசர்ஸ் குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தால் உடனே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். திருத்திய பதிப்பு வந்ததும் ஏஜென்ட்களை நிர்வகிக்கும் சர்வரை மட்டும் அப்டேட் செய்தால் போதாது, ஒவ்வொரு மெஷினிலும் ஏஜென்ட்டின் பதிப்பு மாறியிருக்க வேண்டும், ரொம்ப நாள் அணைத்து வைத்த லேப்டாப்கள் உட்பட.