எண்ணாமல் ஒரு மணி நேரம்: பெரும்பாக்கத்தில் ஐந்து ஞாயிறுகள்

நாலு வருஷமாகப் பறவை பார்க்கிறேன். பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் செயலியில் இதுவரை 143 இனங்கள் ஏறியிருக்கின்றன. குளிர்காலம் முடிவதற்குள் 150 ஆக்கிவிட வேண்டும் என்று டிசம்பர் முழுக்கத் தலைகீழாக நின்றேன். பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், பழவேற்காடு என்று ஒரே நாளில் மூன்று இடம். இரவு படுத்து யோசித்தால், பார்த்த பறவை ஒன்றுகூட முழுசாக நினைவுக்கு வரவில்லை. டிராஃபிக் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

அதனால் ஜனவரியில் ஒன்று செய்து பார்த்தேன். சோழிங்கநல்லூர் - மேடவாக்கம் சாலையோரம் இருக்கும் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தில் ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் காலை 6.15 முதல் 7.15 வரை உட்காருவது. கேமரா கிடையாது. போன் வண்டிக்குள். பைனாகுலர் மட்டும் உண்டு, அதை விட மனசு வரவில்லை.

முதல் வாரம் படுதோல்வி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை சட்டைப்பையைத் தடவியது. முக்குளிப்பான் மூழ்கினால் எத்தனை நொடியில் மேலே வருகிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பட்டியலை விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்த கதை.

இரண்டாம் வாரம்தான் மடையானைக் கவனித்தேன். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். சென்னையில் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் நிற்கும், பட்டியலில் முதல் வாரமே ஏறிவிடும், அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும்தான். குளிர்காலத்தில் உடம்பெல்லாம் பழுப்புக் கீற்று. சேற்றோடு சேறாகத் தெரியாது. எழும்பினால்தான் வெள்ளை இறக்கை பளிச்சென்று விரியும். அன்று அது கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனபோதும் அசையவில்லை. எனக்கு முதுகு வலித்தது. பிறகு எப்போதோ ஒரு குத்து. அலகில் ஏதோ மினுங்கி உள்ளே போனது. என்ன மீன் என்றுகூடத் தெரியவில்லை. கொக்குத் தவம் என்று கிண்டலாகச் சொல்வோமே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது கிண்டலுக்குரிய வேலையாகத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாம். என் பட்டியலில் இல்லாத ஆலா ஒன்று பழவேற்காட்டில் தெரிகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி. ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அது பறந்திருந்தது. மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான்காம் வாரம் பனிமூட்டம். நாமக்கோழிகளின் குரல் மட்டும் கேட்டது. மோசமில்லை.

நேற்று அம்மாவும் கூட வந்தாள். "என்னடா, இந்தக் கொக்கைப் பாக்கவா நாலு வருஷமா அலையற?" என்றாள். அப்புறம் அரை மணி நேரம் பேச்சே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று திரும்பினால், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"போன வாரமும் இதேதான் நின்னுச்சா?"

தெரியவில்லை என்றேன். இரண்டாம் வாரம் பார்த்ததும் இதே கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதுவே இதுவா என்று பார்க்கத் தோன்றியதே இல்லை.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நண்பர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான், அதனால் பட்டியல் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. செயலியை அழிக்கவும் இல்லை. 143 அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு அம்மா பிளாஸ்கில் காபி எடுத்து வருகிறாளாம். உட்காரும் கல் சில்லிடுகிறது, ஒரு பாயும் வேண்டுமாம்.