தட்டை விரல்களும் ஒரு மோதிரமும்

ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கைக் காதால் மட்டும் தெரிந்தவர்கள் 'ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்' ஆவணப்படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சார்லட் ஸ்வெரின் இயக்கி 1988இல் வந்தது. 1967, 68இல் பிளாக்வுட் சகோதரர்கள் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக மங்க் கூடவே சுற்றி எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள்தான் படத்துக்கு உயிர்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன். கீபோர்டு கிளாஸ் போகும் என் மகனும் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்திலேயே, "அம்மா, இவருக்கு யாருமே கை வைக்கச் சொல்லித் தரலையா?" என்றான். நியாயமான கேள்வி. விரலை வளைத்து வை என்று அவனுக்கு வாராவாரம் திட்டு விழுகிறது. மங்க்கின் விரல்களோ கட்டைகள் மேல் தட்டையாகக் கிடக்கின்றன, பெரிய மோதிரம் வேறு. சில சமயம் முழங்கையே இறங்குகிறது.

இசைத்தட்டில் கேட்கும்போது, இடறிவிட்டுச் சமாளிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்த இடங்கள் உண்டு. படம் அதைத் தீர்த்துவிட்டது. கை கட்டைக்கு மேலே வந்து நிற்கிறது. தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கை மட்டும் இறங்கவில்லை. எல்லாரும் எதிர்பார்க்கும் இடம் தாண்டிய பிறகு, பளிச்சென்று ஒரே அடி. அவ்வளவும் தெரிந்தே செய்வது. குழுவில் இருக்கும் சார்லி ரவுஸ் சாக்ஸபோனை எடுத்ததும் மங்க் எழுந்து மேடையிலேயே காலைத் தேய்த்து ஆடுகிறார்.

விமான நிலையத்திலும் நின்ற இடத்தில் சுற்றுகிறார். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கண்ணைப் பார்க்கும்போது, தான் யாரென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று உணர்ந்த நேரங்களை மங்க்கின் மகன் டி.எஸ். மங்க் இந்தப் படத்தில்தான் சொல்கிறார். 1951இல் போதைப்பொருள் வழக்கில் கேபரே கார்டை, அதாவது கிளப்புகளில் வாசிக்கத் தேவைப்பட்ட அனுமதி அட்டையைப் பறித்ததால், 1957 வரை நியூயார்க் கிளப்புகளில் மங்க்கால் வாசிக்க முடியவில்லை. அந்த வருடங்களில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி நெல்லி. சுற்றுப்பயணத்திலும் அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். கேமரா அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.

டாமி ஃபிளானகனும் பாரி ஹாரிஸும் இரண்டு பியானோவில் மங்க்கின் பாட்டுகளை வாசிக்கும் பகுதி மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அருமையான வாசிப்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கை எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை அதை ஓட்டிவிட்டு, ரவுஸ் வரும் இடங்களை இரண்டு தடவை பார்ப்பேன்.