ஊராட்சிக்குத் தொழில்நுட்பத் திட்டம் போட்ட அனுபவம்: ஒரு மாத அலைச்சல்

வீடு, தண்ணீர்க் கணக்குகளைச் சரிசெய்து, எந்தத் தண்ணீர் எப்போது வரும் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்வதற்கான எங்கள் ஊராட்சியின் தரவு, தொழில்நுட்பத் திட்டம் 2023 நவம்பர் 1 கிராம சபையில் ஒருவழியாகத் தீர்மானமாகிவிட்டது. அக்டோபர் 2 கிராம சபையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. தருமபுரி மாவட்டத்தில் 11 குக்கிராமங்கள் சேர்ந்த சின்ன ஊராட்சி இது. வேறு ஊரில் யாராவது இதைக் கையில் எடுத்தால் என்னைப்போல அலையக்கூடாது.

திட்டம் எழுதித் தரச்சொல்லி ஊராட்சித் தலைவர் கேட்டார், ஒப்புக்கொண்டேன். முதல் வாரமே கணினி, கேமரா, இணைய வசதி என்று வாங்க வேண்டிய பட்டியலை எழுதிவிட்டேன். அது தப்பு. ஊரில் எத்தனை வீடு என்ற கேள்விக்கே மூன்று பதில் இருந்தது. வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு ஒன்று சொன்னது, குடிநீர் இணைப்பு நோட்டு ஒன்று சொன்னது, நூறு நாள் வேலை அட்டைக் கணக்கு வேறொன்று சொன்னது. எங்கள் பக்கம் நிலத்துக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு வாழும் கொட்டாய்கள் அதிகம். ஒரே கொட்டாய் ஒரு பதிவேட்டில் தாத்தா பெயரிலும் இன்னொன்றில் பேரன் பெயரிலும் இருக்கும். கதவு எண் பாதி வீடுகளுக்குக் கிடையாது.

செயலர் கணினியில் ஏற்றி வைத்திருந்த வரிப் பட்டியலை நம்பினேன். அது வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. என் மடிக்கணினியில் திறந்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை. எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்தாயிற்று, ஆனால் பழைய கோப்புகள் அப்படியேதான் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். பெயர்கள் சரியாக வந்தன. ஆங்கிலத்தில் இருந்த தலைப்பெழுத்துகளும் சேர்ந்து மாறி, அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிட்டன. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற ஊரில் தலைப்பெழுத்து போனால் ஆளே போனமாதிரி. மூன்று இரவு உட்கார்ந்து நோட்டைப் பார்த்துத் திருத்தினேன். மாற்றுவதற்கு முன் அசல் கோப்பை நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

நல்ல தரவு எங்கே கிடைத்தது தெரியுமா? டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வீட்டுச் சுவரில். எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பிள்ளைகள் பல்லில் காவி ஏறிவிடும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபிறகு குடிக்க அந்தத் தண்ணீர், புழங்கப் போர் தண்ணீர். எந்த நாள் எந்தத் தண்ணீர் ஏற்றினார், மோட்டார் என்றைக்குப் பழுதானது, எல்லாவற்றையும் அவர் மாதக் காலண்டர் கட்டங்களில் குறித்து வைத்திருந்தார். நாலு வருஷக் காலண்டர்கள், ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. "யாரும் கேக்கல தம்பி, நானா எழுதினேன்" என்றார். அன்றைக்கே என் பட்டியலைக் கிழித்துவிட்டுத் திட்டத்தை இந்தக் காலண்டரிலிருந்து மறுபடி எழுதினேன்.

அக்டோபர் 2-ல் சபை ஒப்புக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை தீர்மானத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஒன்றிய அலுவலகம் போனேன். திங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் அங்கே. சரி என்று வியாழக்கிழமை மறுபடி போனால், எழுத்தர் தாளைப் புரட்டக்கூட இல்லை. தீர்மானத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதவில்லை, திருப்பி எடுத்துப் போங்கள் என்றார். இதை முன்பே சொல்லியிருந்தால் ஒரு வரியில் எழுதியிருப்போம். தொகை, செய்யும் இடம், எந்த நிதி என்ற மூன்றும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். தலைவர் கையெழுத்திட்ட நகல் இரண்டு கொண்டுபோங்கள்.

நிதியில் இன்னொரு முடிச்சு. அப்போது வந்துகொண்டிருந்த 15-ஆவது மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடலாம் என்று இருந்தது. மீதி 40-ல் சாலை, சிறுபாலம் எல்லாம் போட்டி போட்டன, அதிலும் சம்பளத்துக்கு எடுக்க முடியாது என்று இருந்தது. நான் எழுதியிருந்த கணினி இயக்குநர் சம்பளத்தை அடித்துவிட்டேன். அந்த வேலையைச் செயலரும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு அக்காவும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இதற்கிடையில் பயந்துபோன ஒரு விஷயம். சரிபார்க்கிறேன் என்று ஒருவர் வீட்டுப் பட்டியலை ஆதார் எண்ணோடு வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அந்த ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே நிறைவேறியிருந்தது. உடனே நீக்கச் சொல்லி, ஆதார் பத்தியையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தண்ணீர் நாள் சொல்ல ஆதார் எதற்கு?

திருத்திய தீர்மானம் நவம்பர் 1 சபைக்கு வந்தபோது ஒரு பாட்டி எழுந்து, "ஏங்கண்ணு, ஒகேனக்கல் தண்ணி எப்ப வரும்னு முன்னாடியே சொல்லுமா இது?" என்று கேட்டார். சொல்லும் என்றேன். கைதட்டல் வேறெதற்கும் விழவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் அண்ணன் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார், செயலர் பதிவேற்றுகிறார். சிக்னல் எடுக்காத இரண்டு கொட்டாய்களுக்கு ரேஷன் கடைப் பலகையில் எழுதி வைக்கிறோம். கதவு எண் எழுத பெயின்ட் வாங்கியாயிற்று, வரும் ஞாயிறு கிழக்குக் கொட்டாயில் தொடங்குகிறோம்.