சிங்கப்பூர் - நெவார்க் நேரடி விமானத்தில் அம்மாவுடன்

நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஜூன் மாதம் அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ரத்தக் கொதிப்புக்குக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை போட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நியூ ஜெர்சியின் நெவார்க் நகருக்குப் போகும் நேரடி விமானத்தில் எகானமியே கிடையாது. பிரீமியம் எகானமியும் பிசினஸும்தான். செலவு கூடுதல். ஆனாலும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி, மறுபடி சோதனைக்கு வரிசையில் நின்று, அடுத்த கேட்டைத் தேடி நடப்பதெல்லாம் அம்மாவுக்குச் சரிவராது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதே மேல் என்று முடிவு செய்தேன்.

"எந்தப் பக்கமாப் போகும்?" என்று அம்மா கேட்டார். மகனுடைய உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வட துருவத்தை ஒட்டிப் போனது. இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால் அப்படி. அந்தக் குறுக்குவழியின் தூரம் சுமார் 15,344 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அந்தக் கணக்கை நம்பித் திட்டமிடாதீர்கள், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையே பாருங்கள். எங்கள் விமானம் துருவப் பக்கமே போகவில்லை. ஜப்பானைத் தாண்டி வட பசிபிக் மேல் போனது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். முன்சீட்டுத் திரையில் வேகம் மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டியதை அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கவலையெல்லாம் மாத்திரைதான். மருத்துவர் எளிதாகச் சொல்லிவிட்டார்: "ஊர் நேரத்தைப் பார்க்காதீங்க, பன்னிரண்டு மணி நேர இடைவெளி சரியா இருந்தால் போதும்." கோடையில் சிங்கப்பூருக்கும் நெவார்க்குக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். அதனால் அம்மா கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. கிளம்பும் முன் வீட்டில் ஒரு மாத்திரை, பசிபிக் மேல் ஒன்று, விடிகாலையில் இறங்கித் தங்கை வீட்டுக்குப் போகும் காரில் ஒன்று. மூன்றுமே எட்டு மணிக்குத்தான். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும்; அப்போது போகிறவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி, சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். சீட்டு நடைபாதை ஓரமாக இருக்கட்டும். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க மருத்துவர் சொன்ன இறுக்கமான காலுறையைப் போட்டுவிட்டு, தூங்காத நேரத்திலெல்லாம் அம்மாவை எழுப்பி நடக்க வைத்தேன். முதலில் சலித்துக்கொண்டார், அப்புறம் அவரே எழுந்து சமையலறைப் பக்கம் போய்ப் பணிப்பெண்ணிடம் வெந்நீர் வாங்கி வந்தார்.

திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கிறார் அம்மா.