‘கவலைப்படாதீங்கம்மா’ என்று ஏழு தடவை சொன்னேன்

மாவட்ட மனநலத் திட்டத்தில் கவுன்சலராகச் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் என்னை ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று முடங்கிக் கிடப்பவரை முதலில் ஒரு சின்ன வேலையில் இறக்கிவிட்டு, மனசைப் பின்னாலேயே வரவைக்கிற வித்தை அது. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலம் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பழக்கியே 6 முதல் 8 சந்திப்புகளில் பலன் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்த எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற மிதப்போடுதான் போனேன்.

வகுப்பு மூன்று நாளில் முடிந்துவிட்டது. விஷயமே அப்புறம்தான் இருந்தது. நோயாளியின் சம்மதத்தோடு ஒவ்வொரு சந்திப்பையும் பதிவு செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து பேரும் உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மார்க் போட வேண்டும். என் முதல் பதிவு 35 நிமிடம். அதில் 22 நிமிடம் நான்தான் பேசியிருக்கிறேன். அந்த அம்மா “ராத்திரியெல்லாம்…” என்று ஆரம்பிக்கும்போதே “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று என் குரல் குறுக்கே விழுகிறது. ஏழு தடவை. நானே எண்ணினேன்.

இன்னொரு கண்டம், மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கிற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள். எட்டுக் கேள்வி தடங்கலில்லாமல் வரும். ஒன்பதாவது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்பது. நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ என்று இத்தனை வருடம் அதை மென்று விழுங்கியிருக்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது என்பது புத்திக்குத் தெரியும்; நாக்குக்குப் பழக ஒத்திகை வேண்டியிருந்தது. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, பத்து முறை கேட்டோம்.

அன்றாடம் செய்ததை எழுதிவரக் கொடுத்த தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. “அவங்க வீட்டுச் சுவத்துல என்ன தொங்குது?” என்றார் பயிற்சியாளர். மாதக் காலண்டர்! ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கிக் கொடுத்தேன். பரவாயில்லாத நாளுக்குச் சிவப்பு, முடியாத நாளுக்குக் கறுப்பு.

இரண்டு வாரம் கழித்துக் காலண்டரையே சுருட்டிக்கொண்டு வந்தார். நான்கு சிவப்பு. நான்கும் வியாழனும் ஞாயிறும். “அன்னிக்கெல்லாம் என்ன செஞ்சீங்கம்மா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதிவில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் நீளமாகக் கேட்கிறது.

“பக்கத்து வீட்ல பூக் கட்டக் கூப்பிடுவாங்கம்மா. செவ்வாக்கிழமையும் போகட்டுமா?”

அந்தப் பதிவில் நான் பேசியது 13 நிமிடம். ஒரே ஒரு ‘கவலைப்படாதீங்கம்மா’ தப்பி வந்துவிட்டது. அதற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.