குறைமாதப் பிரசவமும் வாரக் கணக்கும்

மாதம் நிறையும் முன்பே வலி கண்டு வருகிற தாய்க்கு, பிரசவ அறையில் நாங்கள் முதலில் எடுத்துவைப்பவற்றில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மருந்து. மில்லிக்கு 4 மில்லிகிராம் வீதம் 2 மில்லி கொண்ட சிறு குப்பி அது. அதிலிருந்து ஒன்றரை மில்லி, அதாவது 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை தசையில் போட வேண்டும். ஊசி தாய்க்கு, பலன் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கு.

இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டியவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ். பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்பதைத்தான் அவர் செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி, நாள் கணக்குப்படி பிழைக்கவே வழியில்லாத நிலையிலும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரலில் காற்று புகுந்திருந்தது. தேடிய விடையை விட்டு விலகி நின்ற அந்தக் குட்டியை அவர் அலட்சியம் செய்யாமல் விட்டதற்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வை 1972இல் வெளியிட்டார். தானாக வலி கண்ட தாய்மாரின் பிள்ளைகளில், மருந்து பெறாதவர்களில் சுமார் 26 விழுக்காட்டினருக்கு வந்த மூச்சுத்திணறல், மருந்து பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. இருந்தும் அமெரிக்காவில் இவ்வகை மருந்தைப் பரவலாகப் பயன்படுத்தும்படி வல்லுநர் குழு பரிந்துரைத்தது 1994இல்தான்.

நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது அதற்குப் பின் வந்த இரண்டு ஆய்வுகளை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கிராமப்புறம் வரை இந்த ஊசியைக் கொண்டுசேர்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. எடை குறைந்த பிள்ளைகளின் இறப்பு அதில் குறையவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு மூன்றரை அளவு கூடியதோடு, தாய்மாரிடம் நோய்த்தொற்றும் மிகுந்தது. மாதவிலக்குத் தேதியையோ, வயிற்றின் உயரத்தை அளக்கும் நாடாவையோ நம்பி வாரம் கணக்கிட்டதால், ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் உண்மையில் குறைமாதத்தில் பிள்ளை பெறவில்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 தாய்மாரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் மருந்து கொடுத்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6ஆகக் குறைந்தது. ஊசியின் பலன் வாரக் கணக்கிலும், பிறந்தபின் கிடைக்கும் பராமரிப்பிலும் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வாரக் கணக்கு எப்படி வருகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். "மண்டைக்காட்டுக் கொடை கழிஞ்ச மறுநாளாக்கும் கடைசியா குளிச்சா, மக்ளே" என்று மருமகளின் கடைசி மாதவிலக்கைத் திருவிழாவை வைத்து மாமியார் சொல்வார்; கோட்டாறு சவேரியார் தேரை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. அந்த நினைவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்றாலும், 33 வாரமா 36 வாரமா என்று பார்த்து, ஊசி போடுவதா என முடிவெடுக்க வேண்டிய இரவில் அது போதாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் பிழை ஒரு வாரத்தைத் தாண்டுவது அரிது. கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக எடுத்தால் மூன்று வாரம் வரை பிசகலாம். ஆகவே கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்குகிறவர்கள், அந்த முதல் ஸ்கேன் தாளையும் கர்ப்பகால அட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டு அலமாரியில் இருக்கும் தாளால் எங்களுக்குப் பயனில்லை.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைக் குடியிருப்புகளிலிருந்து வருகிற தாயை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது, வாரம் உறுதியானால் முதல் ஊசியைப் போட்டுவிட்டே 108இல் ஏற்ற வேண்டும். போட்ட மணியைப் பரிந்துரைச் சீட்டில் தெளிவாக எழுதினால்தான், அங்குள்ள செவிலியர் அடுத்த ஊசியைச் சரியான நேரத்தில் போட முடியும்.